பிரிந்தால் வாத்தியாருக்கு யார் சம்பளம் தருவது? வன்னியின் இரட்டை நிர்வாகம்: ஒரு நிகழ்வு ஆய்வு

ஒரு மாகாணம் நாட்டைவிட்டுப் பிரிந்து தனிநாடாகிறது என்று வைத்துக்கொள்வோம். கொடியைப் பற்றியும் எல்லைக்கோட்டைப் பற்றியும் பேச நிறையப் பேர் இருப்பார்கள். ஆனால் அந்த மாத இறுதியில் வாத்தியாரின் சம்பளம் எந்தத் திறைசேரியிலிருந்து வரும்? பிள்ளையின் உயர்தரப் பரீட்சைச் சான்றிதழை வெளியில் எந்தப் பல்கலைக்கழகம் ஏற்கும்? தாத்தா காலத்துக் காணி அனுமதிப்பத்திரத்தை எந்த அலுவலகத்தில் கொண்டுபோய்க் காட்டுவது? இப்படிக் கேட்க ஆள் குறைவு.

வன்னியில் இருக்கிற எங்களுக்கு இவை வெறும் புத்தகக் கேள்விகள் அல்ல. 2002 பெப்ரவரி 22இல் போர்நிறுத்த உடன்படிக்கை கைச்சாத்தானதிலிருந்து 2009 ஜனவரி 2இல் கிளிநொச்சி நகரம் இராணுவத்தின் கைக்குப் போகும்வரை, கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களும் மன்னார், வவுனியாவின் சில பகுதிகளும் ஒரே நேரத்தில் இரண்டு நிர்வாகங்களின் கீழ் இயங்கின. எந்த நாடும் அங்கீகரிக்காத விடுதலைப் புலிகளின் அரசு அமைப்பு, அங்கீகாரம் பெற்ற ஓர் அரசின் கச்சேரிக்கு, அதாவது மாவட்டச் செயலகத்துக்கு, பக்கத்தில் இருந்து வேலை செய்தது. பிரிவினையின் நடைமுறைச் சிக்கல்களைப் படிக்க இதைவிட நெருக்கமான நிகழ்வு தமிழில் எழுதுகிறவருக்குக் கிடைக்காது.

முன்கூட்டியே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். 1983 ஆகஸ்ட் 8இல் நிறைவேறிய அரசியலமைப்பின் 6ஆம் திருத்தச் சட்டம் இலங்கைக்குள் தனிநாடு அமைப்பதை ஆதரிப்பதையோ ஊக்குவிப்பதையோ குற்றமாக்குகிறது. சமஷ்டி (கூட்டாட்சி) கேட்பது பிரிவினை கேட்பதாகாது என்று 2017 ஆகஸ்டில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தனிநாடு வேண்டுமா வேண்டாமா என்ற வாதத்துக்குள் இந்த ஆய்வு போகவில்லை. ஓர் அரசு இன்னோர் அரசிலிருந்து விலகும்போது எந்தெந்த இடத்தில் சாதாரண சனம் மாட்டிக்கொள்கிறது என்பதை, நடந்ததை வைத்துப் பார்க்கிறது. அவ்வளவுதான்.

இரண்டு நிர்வாகமும் வேலையைப் பிரித்துக்கொண்ட விதம்

தமிழீழ விடுதலைப் புலிகள் இயக்கம் (இங்கே சுருக்கமாக ‘இயக்கம்’) தன் நிர்வாகத்தைப் போர்நிறுத்தத்துக்கு முன்பே கட்டத் தொடங்கிவிட்டது. காவல்துறை 1991இல், நீதிமன்றங்கள் 1993இல், தமிழீழ வைப்பகம் என்ற வங்கி 1994இல். குற்றவியல் சட்டக்கோவையும் குடியியல் சட்டக்கோவையும் 1994இல் வந்தன. சட்டக்கல்லூரியும் இருந்தது. முதலில் யாழ்ப்பாணத்தில் இயங்கிய இவை 1995-96க்குப் பிறகு வன்னிக்கு இடம்பெயர்ந்தன. வரி அறவிட்டார்கள், வீதியில் வேகக் கட்டுப்பாடு வைத்தார்கள், வழக்கு விசாரித்தார்கள்.

அதே கிளிநொச்சியில் அரசாங்க அதிபர் இருந்தார், கச்சேரி இருந்தது, கிராம சேவகர்கள் இருந்தார்கள். ஆசிரியர், வைத்தியர், தபால்காரர் எல்லோருக்கும் சம்பளம் கொழும்பிலிருந்து வந்தது. பாடப்புத்தகமும் வினாத்தாளும் கொழும்பிலிருந்தே வந்தன. நிவாரண அரிசியும் மாவும் வவுனியாவிலிருந்து லொறிகளில் வந்து சங்கக்கடையில் பங்கிடப்பட்டன. கையில் புழங்கிய காசு இலங்கை ரூபாய். வைப்பகத்தில் போட்டாலும் இலங்கை வங்கியில் போட்டாலும் அதே தாள்தான்.

இந்தப் பங்கீட்டை யாரும் உட்கார்ந்து எழுதி வைக்கவில்லை. ஆனாலும் அதில் ஓர் ஒழுங்கு தெரிகிறது. உள்ளே இருப்பவர்களின் கீழ்ப்படிவு மட்டும் போதுமான வேலைகளை, அதாவது காவல், தண்டனை, வரி, வீதி, காடு ஆகியவற்றை, இயக்கம் எடுத்துக்கொண்டது. வெளியில் இருப்பவரின் ஒப்புதல் தேவைப்படுகிற நாணயம், சான்றிதழ், அடையாள அட்டை, கடவுச்சீட்டு, ஓய்வூதியம் எல்லாம் கொழும்பிடமே இருந்தன. ஆயுத பலத்தால் எல்லைக்கோட்டை நகர்த்த முடிந்த காலத்திலும் ஒரு சாதாரண தரச் சான்றிதழை அச்சடித்து உலகத்தை ஏற்க வைக்க முடியவில்லை. இந்த நிகழ்வில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது இதுதான். கீழே வரும் ஒவ்வொரு கேள்வியும் இந்தப் பிளவிலிருந்தே கிளம்புகிறது.

நேரம்கூடப் பிரிந்திருந்தது. 1996இல் மின்சாரத் தட்டுப்பாட்டைக் காரணம் காட்டி இலங்கை அரசு மணிக்கூட்டை முன்னே தள்ளியது. இயக்கக் கட்டுப்பாட்டுப் பகுதி பழைய நேரத்திலேயே நின்றது. 2006 ஏப்ரலில் கொழும்பு பழைய நேரத்துக்குத் திரும்பும்வரை இரண்டு கட்டுப்பாட்டுப் பகுதிகளுக்கும் நடுவில் சோதனைச் சாவடி இருந்த ஓமந்தையைத் தாண்டினால் அரை மணி நேர வித்தியாசம். அரசாங்க அலுவலகம் ஒரு நேரத்துக்கும் ஊர் இன்னொரு நேரத்துக்கும் நடந்ததென்றால், பரீட்சை எழுதப்போகிற பிள்ளை முதலில் கேட்க வேண்டியது எந்த நேரப்படி ஒன்பது மணி என்பதைத்தான்.

காசும் எல்லையும்

புதிய நாடு எந்த நாணயத்தைப் பயன்படுத்தும் என்பதில் மூன்று வழிகள் உண்டு. பழைய நாட்டின் நாணயத்தையே வைத்திருக்கலாம், மூன்றாம் நாட்டின் நாணயத்தை எடுக்கலாம், சொந்தமாக அச்சடிக்கலாம். 2002இல் சுதந்திரம் பெற்ற கிழக்குத் திமோர் அமெரிக்க டொலரை எடுத்தது. கொசோவோவும் மொண்டெனீக்ரோவும் யூரோவைப் பயன்படுத்துகின்றன. யூரோ வலய நாடுகளின் கூட்டத்தில் அவற்றுக்கு இருக்கை கிடையாது. தென்சூடான் 2011 ஜூலை 9இல் சுதந்திரம் பெற்று, அதே மாதத்திலேயே தன் பவுணை வெளியிட்டது.

நல்ல மனதோடு பிரிந்தவர்களுக்கும் இது இலகுவாக இருக்கவில்லை. செக்கோஸ்லோவாக்கியா 1993 ஜனவரி 1இல் இரண்டாகப் பிரிந்தபோது கொஞ்ச மாதங்களுக்குப் பொது நாணயம் என்றுதான் திட்டம். ஆனால் ஸ்லோவாக்கியாவின் காசு மதிப்பிழக்கும் என்று பயந்து மக்கள் பணத்தைச் செக் வங்கிகளுக்கு மாற்றத் தொடங்கினார்கள். பெப்ரவரி 8ஆம் திகதியே நாணயமும் பிரிந்தது. புதுத்தாள் அச்சாகும்வரை பழைய தாளில் முத்திரை ஒட்டிப் புழங்கினார்கள்.

வன்னிக்கு இன்னும் பொருத்தமான பாடம் எரித்திரியாவில் கிடைக்கிறது. 30 ஆண்டு ஆயுதப் போராட்டத்துக்குப் பின் 1993இல் வாக்கெடுப்பு வழியாக எத்தியோப்பியாவிலிருந்து விலகிய நாடு அது. முதல் நான்கு ஆண்டுகள் எத்தியோப்பிய பிர்தான் அங்கும் நாணயம். 1997 நவம்பரில் எரித்திரியா நக்பாவை வெளியிட்டது. இனி எல்லை தாண்டும் வியாபாரம் வெளிநாட்டுச் செலாவணியில் நடக்க வேண்டும் என்றது எத்தியோப்பியா. அதுவரை அயலூர்ச் சந்தைக்குப் போய்வருவது போலப் போய்வந்த வியாபாரிகள் ஒரே இரவில் ஏற்றுமதியாளர்களாக வேண்டியிருந்தது. 1998 மே மாதம் பத்மே என்ற சிறிய ஊரை வைத்துப் போர் மூண்டது. அந்தப் போருக்கு நாணயம் மட்டும் காரணம் அல்ல. ஆனாலும் பிரிந்த இரண்டு அரசுகளுக்கு நடுவில் கசப்பு வளர்ந்த வழிகளில் அதுவும் ஒன்று.

ஓமந்தையில் நாங்கள் பார்த்ததை இதோடு வைத்துப் பாருங்கள். 1990களில் சீமெந்து, எரிபொருள், பற்றரி, யூரியா என்று ஒரு நீண்ட பட்டியல் வன்னிக்குள் வராமல் தடுக்கப்பட்டது. 2002 ஏப்ரலில் யாழ்ப்பாணத்துக்குப் போகும் ஏ9 நெடுஞ்சாலை திறந்த பிறகு பொருள்கள் வந்தன. இராணுவச் சோதனையைத் தாண்டினால் செஞ்சிலுவைக் குழு நின்ற சூனியப் பகுதி, அதைத் தாண்டினால் இயக்கத்தின் சோதனையும் வரியும். யாழ்ப்பாணத்துக்குப் போகும் லொறியும் இந்த வரியைக் கட்டித்தான் போனது. ஆக, ஒரே பொருளுக்குக் கொழும்பில் ஒரு வரியும் வன்னியில் இன்னொரு வரியும் விழுந்தன. இரண்டையும் கடைசியில் கட்டியது சாமான் வாங்கிய சனம். 2006 ஆகஸ்டில் ஏ9 மூடப்பட்டபோது வீதியின் வடக்கு நுனியில் இருந்த யாழ்ப்பாணம் கப்பலை நம்பி நின்றது. கையில் வீதி இல்லாத நாட்டுக்கு எல்லைச் சுங்கத்தால் வருமானம் கிடைக்கலாம். ஆனால் வீதியை மூடும் முடிவு அடுத்தவன் கையில் இருக்கும்.

தென்சூடான் இதைக் கோடிக் கணக்கான டொலரில் அனுபவித்தது. எண்ணெய் தெற்கில், குழாயும் துறைமுகமும் வடக்கில். அரச வருமானத்தில் ஏறக்குறைய 98 சதவீதம் எண்ணெயை நம்பியிருந்த நாடு, குழாய்க் கட்டணத் தகராறில் 2012 ஜனவரியில் தன் உற்பத்தியைத் தானே நிறுத்தியது.

பரீட்சைச் சான்றிதழ்

இது சின்ன விஷயமாகத் தெரியும். வன்னிப் பெற்றோருக்கு அப்படி இல்லை. கட்டுப்பாட்டுப் பகுதியின் பள்ளிகளில் கடைசிவரை இலங்கைக் கல்வி அமைச்சின் பாடத்திட்டமே நடந்தது, பரீட்சைத் திணைக்களத்தின் பரீட்சையே எழுதப்பட்டது. காரணம் தெளிவு. பல்கலைக்கழக அனுமதி அந்தச் சான்றிதழில் தொங்குகிறது.

அதிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. இலங்கையில் பல்கலைக்கழக இடங்களில் 40 சதவீதம் அகில இலங்கைத் திறமைக்கு, 55 சதவீதம் மாவட்ட ஒதுக்கீட்டுக்கு, 5 சதவீதம் கல்வி வசதி குறைந்த மாவட்டங்களுக்கு. கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார், வவுனியா நான்கும் அந்தக் கடைசிப் பட்டியலில் இருக்கின்றன. விலகப் பார்க்கிற அரசின் ஒதுக்கீட்டில்தான் வன்னிப் பிள்ளை வைத்திய பீடத்துக்குப் போகிறது. பிரிகிற அன்று அந்த ஒதுக்கீடு முடிந்துவிடும். ஆண்டுதோறும் இத்தனை வைத்தியர், இத்தனை பொறியியலாளர் என்று உருவாக்கும் சொந்தப் பீடங்கள் கையில் இல்லாவிட்டால், இடைப்பட்ட பத்துப் பதினைந்து ஆண்டுகளை யார் நிரப்புவது? 1970களில் பல்கலைக்கழகம் போகத் தமிழ் மாணவரிடம் கூடுதல் புள்ளி கேட்ட தரப்படுத்தலுக்கு எதிராக எழுந்த கோபம் தனிநாட்டுக் கோரிக்கைக்கு எவ்வளவு எரிபொருள் ஊற்றியது என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் பிரிந்தால் பல்கலைக்கழக அனுமதி எப்படி நடக்கும் என்பது மேடைகளில் பேசப்படவில்லை.

காணி

வன்னியில் காணிப் பிரச்சினை மற்ற எல்லாவற்றையும்விட ஆழமானது. கிளிநொச்சியின் இரணைமடுக் குளத்தின் கீழ் வந்த குடியேற்றத் திட்டங்களில் பெரும்பாலானோருக்குக் கிடைத்தது முழு உரிமை தரும் உறுதிப்பத்திரம் அல்ல. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்படி வழங்கப்பட்ட அனுமதிப்பத்திரம்தான். நிலம் அரசுடையது, உழுபவருக்கு நிபந்தனையோடு உரிமை. இலங்கை நிலத்தில் 80 சதவீதத்துக்கும் மேல் அரச நிலம் என்பதை நினைவில் வைத்தால் இதன் பாரம் புரியும்.

பரந்தனில் அப்படி அனுமதிப்பத்திரத்தோடு வயல் செய்த ஒரு குடும்பத்தை எடுத்துக்காட்டுக்கு எடுத்துக்கொள்வோம். 1996இல் கிளிநொச்சிச் சண்டையில் அவர்கள் மல்லாவிப் பக்கம் ஓடுகிறார்கள். 1998இல் நகரம் மீண்டும் இயக்கத்தின் கைக்கு வருகிறது. அவர்கள் திரும்புவதற்கு முன் இன்னொரு இடம்பெயர்ந்த குடும்பம் அந்த வயலில் இருத்தப்படுகிறது. தகராறு தமிழீழ நீதிமன்றத்துக்குப் போகிறது, தீர்ப்பும் வருகிறது. வயலைப் பாதியாகப் பிரித்து இரு வீட்டாரும் ஏற்றுக்கொள்கிறார்கள். 2009க்குப் பிறகு பிரதேச செயலகத்தில் காணி அலுவலர் அனுமதிப்பத்திரத்தைக் கேட்கிறார். முதல் குடும்பத்தின் பத்திரம் முள்ளிவாய்க்காலுக்குப் போகும் வழியில் பதுங்குகுழியோடு போய்விட்டது. இரண்டாவது குடும்பத்திடம் இருப்பது இலங்கைச் சட்டத்துக்கு இல்லாத ஒரு நீதிமன்றத்தின் தீர்ப்பு.

இந்த இரண்டு குடும்பமும் பொய் சொல்லவில்லை. அந்தந்தக் காலத்தில் இருந்த அதிகாரத்துக்குக் கீழ்ப்படிந்தார்கள். விலகும் அரசு அமைப்பு ஒன்று தோற்றுப்போனால் அதன் தீர்ப்புகள், திருமணப் பதிவுகள், விற்பனைகள் எல்லாம் என்ன ஆகும் என்ற கேள்விக்குச் சர்வதேசச் சட்டம் ஓரளவு வழி காட்டுகிறது. நமீபியாவைத் தென்னாபிரிக்கா சட்டவிரோதமாக ஆண்டது பற்றி 1971இல் சர்வதேச நீதிமன்றம் சொன்ன கருத்தில், அந்த ஆட்சியின் அரசியல் செயல்கள் செல்லாவிட்டாலும் பிறப்பு, இறப்பு, திருமணப் பதிவுகளை மறுத்து மக்களுக்குத் தீங்கு செய்யக் கூடாது என்ற நியாயம் இருக்கிறது. வன்னிக்கு அந்த நியாயத்தை யாரும் முறையாகப் பொருத்திப் பார்க்கவில்லை. அதற்கென்று ஒரு சட்டம் வந்திருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

வந்தவை வேறு சில. வடக்கு கிழக்கின் அரச காணிச் சிக்கல்களுக்காக 2013/01 என்ற காணிச் சுற்றறிக்கை வந்தது. 2016இல் வந்த ஆட்சியுரிமை சிறப்பேற்பாடுகள் சட்டம், 1983 மே 1 முதல் 2009 மே 18 வரை ஆயுதக் குழுவின் நடவடிக்கையால் நீதிமன்றம் போக முடியாதவர்களுக்கு எதிராக அந்தக் காலத்தைக் கணக்கிடக் கூடாது என்றது. அதாவது ஊரில் இல்லாத காலத்தில் இன்னொருவர் பத்தாண்டு அனுபவித்துவிட்டார் என்பதற்காக உரிமை போகாது. இந்தச் சட்டத்தை நினைக்கும்போது 1990 ஒக்டோபரில் இயக்கத்தால் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களை நினைக்காமல் இருக்க முடியாது. முல்லைத்தீவிலும் மன்னாரிலும் தலைமுறை தலைமுறையாக இருந்தவர்கள் பெரும்பாலும் புத்தளத்தில் தஞ்சம் புகுந்தார்கள். புதிய அரசு ஒன்றைக் கட்டப் புறப்பட்டவர்கள் தங்கள் நிலத்தின் ஒரு பகுதி மக்களையே வெளியே தள்ளினார்கள். அந்தக் காயம் இன்னும் காணி வழக்குகளாக நடக்கிறது.

தண்ணீர் கோட்டைப் பார்த்து ஓடாது

மன்னாரின் கட்டுக்கரைக் குளத்துக்கு நீர் தருவது அருவி ஆறு. அது எங்கே பிறக்கிறது? தம்புள்ளைப் பக்கத்து மலைகளில். அனுராதபுரத்தின் குளங்களை நிரப்பிவிட்டுத்தான் மன்னாருக்கு வருகிறது. மேலே ஒரு மதகை இறக்கினால் கீழே பெரும்போக நெல் வாடும். எந்த வரைபடத்தில் எந்த நிறம் பூசினாலும் இந்தச் சரிவு மாறாது.

2003 ஒக்டோபர் இறுதியில் இயக்கம் முன்வைத்த இடைக்காலத் தன்னாட்சி அதிகார சபை யோசனையில் இதற்கென்று ஒரு பிரிவு இருந்தது பலருக்கு நினைவில்லை. ஆற்றின் மேற்பகுதியில் இருப்பவர்கள் கீழ்ப்பகுதியில் இருப்பவர்களுக்கு நியாயமான பங்கு கிடைப்பதை உறுதி செய்ய வேண்டும் என்று அது சொன்னது. அந்த ஆவணத்தில் எனக்கு மதிப்புள்ளதாகத் தெரியும் பகுதிகளில் அதுவும் ஒன்று. எழுதியவர் வயலை நினைத்து எழுதியிருக்கிறார். மூன்று ஆண்டு கழிவதற்குள், 2006 ஜூலையில், திருகோணமலை மாவட்டத்தின் மாவிலாறு மதகு மூடப்பட்டது. இம்முறை மதகு இயக்கத்தின் பக்கம், வயல்கள் அரச கட்டுப்பாட்டுப் பக்கம். நாலாம் கட்டப் போர் அந்த வாய்க்காலில் தொடங்கியது.

சிங்கப்பூர் 1965 ஆகஸ்ட் 9இல் மலேசியாவிலிருந்து பிரிந்தபோது, ஜொகூரிலிருந்து தண்ணீர் எடுக்கும் 1961, 1962 ஒப்பந்தங்களுக்கான உத்தரவாதத்தைப் பிரிவினை உடன்படிக்கைக்குள்ளேயே எழுதிக்கொண்டது. 1962 ஒப்பந்தம் 2061 வரை செல்லும். பிரிவதற்கு முன் தண்ணீரை எழுதிக்கொண்டதால்தான் அந்தத் தீவு தாக்குப்பிடித்தது என்று சொன்னால் அதில் மிகை குறைவு.

தமிழ் நிலத்துக்குள்ளும் இதே சண்டை உண்டு. போருக்குப் பின் ஆசிய அபிவிருத்தி வங்கியின் உதவியோடு இரணைமடுவிலிருந்து யாழ்ப்பாணத்துக்குக் குடிநீர் கொண்டுபோகும் திட்டம் வந்தது. கிளிநொச்சி விவசாயிகள் எதிர்த்தார்கள். எங்கள் வயலுக்கே போதாத தண்ணீர் என்றார்கள். யாழ்ப்பாணத்தார் கிணறு உவராகிறது என்றார்கள். இரண்டும் உண்மை. கடைசியில் தாளையடியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் கட்டப்பட்டது. இங்கே சிங்களவர் தமிழர் கணக்கே இல்லை. எல்லைக்குள் வந்தவர்கள் எல்லோரும் ஒரே குரலில் பேசுவார்கள் என்ற கற்பனையை இரணைமடு உடைத்துக் காட்டியது.

கடலையும் சொல்லிவிட வேண்டும். இந்தியாவும் இலங்கையும் 1974, 1976 ஆண்டுகளில் கடல் எல்லையை வரைந்தன. எல்லை ஒப்பந்தங்கள் அரசு மாறினாலும் கைமாறி வரும் என்பது பொது விதி. தமிழ்நாட்டு இழுவைப் படகுகளால் வலையை இழக்கும் மன்னார், முல்லைத்தீவு மீனவரின் சிக்கல் புதுநாட்டிலும் அப்படியே இருக்கும். தொப்புள்கொடி உறவு என்று மேடையில் பேசுவதும் அதே உறவின் படகைக் கடலில் மறிப்பதும் அப்போது ஒரே அரசின் வேலையாகிவிடும்.

யார் குடிமகன்?

வன்னியில் மலையகத்திலிருந்து வந்த குடும்பங்கள் நிறைய. 1958, 1977, 1983 வன்முறைகளுக்குப் பிறகு தோட்டங்களை விட்டு வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் வந்தவர்கள். அவர்களில் பலரின் முன்னோர் 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவர் ஆக்கப்பட்டார்கள், 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தால் இந்தியாவுக்கும் இலங்கைக்கும் எண்ணிக்கையாகப் பங்கு போடப்பட்டார்கள். எஞ்சியவர்களின் பிரச்சினையைத் தீர்க்க 2003இல்தான் ஒரு சட்டம் வந்தது. குடியுரிமை என்பது காகிதம் என்று இவர்களிடம் சொல்ல முடியாது.

பிரியும் நாள் எல்லா மக்களையும் இந்த நிலைக்குக் கொண்டுபோகும் வல்லமை உள்ளது. 1992 பெப்ரவரி 26இல் ஸ்லோவேனியா, குறித்த காலத்துக்குள் குடியுரிமைக்கு விண்ணப்பிக்காத யூகோஸ்லாவியாவின் மற்றக் குடியரசுகளைச் சேர்ந்த 25,000க்கும் மேற்பட்டவர்களின் பெயரை நிரந்தர வதிவாளர் பதிவேட்டிலிருந்து சத்தமில்லாமல் அழித்தது. வேலை, மருத்துவம், வதிவிட உரிமை ஒரே நாளில் போயின. எரித்திரியாவின் 1993 வாக்கெடுப்பில் எத்தியோப்பியாவில் வாழ்ந்தபடியே வாக்களித்தவர்களை, 1998 போரின்போது எத்தியோப்பியா அந்நியராகக் கணக்கிட்டது. பல்லாயிரம் பேர் நாடுகடத்தப்பட்டார்கள். ஐந்து ஆண்டுக்கு முன் போட்ட ஒரு வாக்கு வீட்டைப் பறித்தது.

இப்போது கொழும்பு வெள்ளவத்தையில் வீடு வாங்கிய தமிழரை நினையுங்கள். ஹட்டனில், புத்தளத்தில், நீர்கொழும்பில் இருப்பவர்களை நினையுங்கள். கோட்டுக்குத் தெற்கே இருக்கும் தமிழர் எந்த நாட்டவர்? கோட்டுக்கு வடக்கே இருக்கும் சிங்களக் கிராமத்தவர் எந்த நாட்டவர்? 2007 ஜூன் 7இல் கொழும்பு விடுதிகளில் தங்கியிருந்த நூற்றுக்கணக்கான தமிழர் பஸ்ஸில் ஏற்றப்பட்டு வவுனியாவுக்கு அனுப்பப்பட்டார்கள். உயர் நீதிமன்றம் தலையிட்டு அதை நிறுத்தியது. நாடு பிரியாத காலத்திலேயே, அடையாள அட்டை கையில் இருக்கும்போதே அது நடந்தது. அவர்களைக் காத்தது அவர்களும் அந்த நாட்டின் குடிமக்கள் என்ற ஒரே காரணம். பிரிவினைக்குப் பின் அந்தக் காரணத்தை வைத்து வழக்குப் போட முடியாது. எந்தப் பேச்சுவார்த்தையானாலும் இரட்டைக் குடியுரிமை, வதிவிட உரிமை, திரும்பிவரும் உரிமை மூன்றும் கொடிக்கு முன்னால் எழுதப்பட வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

கடன், ஓய்வூதியம், அங்கீகாரம்

அரசுகளின் சொத்து, ஆவணக்காப்பகம், கடன் பற்றி 1983இல் வியன்னாவில் ஒரு சாசனம் எழுதப்பட்டது. போதுமான நாடுகள் ஏற்காததால் அது நடைமுறைக்கு வரவில்லை. எனவே எல்லாம் பேரம்தான். செக், ஸ்லோவாக்கியா மக்கள்தொகைப்படி இரண்டுக்கு ஒன்று என்று பிரித்தன. சூடான் பழைய வெளிநாட்டுக் கடன் முழுவதையும் வைத்துக்கொள்ள 2012இல் ஒப்புக்கொண்டது. 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடன் கட்டுவதை நிறுத்திய இலங்கையின் கடனில் பங்கு என்றால் எந்தக் கணக்கு? மக்கள்தொகையா, செலவான இடமா? ஆசிரியர் ஓய்வூதியமும் ஊழியர் சேமலாப நிதியும் இதே மேசையில்தான் வரும். சேமலாப நிதியின் பெரும்பகுதி இலங்கை அரசின் பிணைமுறிகளில் இருக்கிறது.

மக்கள்தொகைப்படி என்றால் எண்ண வேண்டும். 1981க்குப் பிறகு வடக்கில் முழுமையான குடிசன மதிப்பீடு 2012இல்தான் நடந்தது. இடையில் வன்னி மக்களின் எண்ணிக்கை கச்சேரிப் பதிவேட்டில் மட்டும் இருந்தது. மன்னார் ஆயர் இராயப்பு யோசேப்பு ஆண்டகை 2011 ஜனவரியில் அரசு அமைத்த நல்லிணக்க ஆணைக்குழு முன் அந்தப் பதிவேட்டைத்தான் வைத்தார். 2008 ஒக்டோபரில் வன்னியில் இருந்தவர்கள் 429,059. அரச கட்டுப்பாட்டுக்குள் வந்தவர்கள் 282,380. மீதி 146,679 பேருக்கு என்ன நடந்தது என்று கேட்டார். கிராம சேவகர்கள் நிவாரணத்துக்காக எழுதிய கணக்கு அது. அந்தக் கணக்கு இல்லாதிருந்தால் அந்தக் கேள்வியே எழுந்திருக்காது.

அங்கீகாரம் பற்றிச் சுருக்கமாக. 1933 மொண்டவிடேயோ சாசனம் மக்கள், நிலப்பரப்பு, அரசாங்கம், பிற நாடுகளோடு உறவு கொள்ளும் தகுதி என்ற நான்கையும் கேட்கிறது. முதல் மூன்றும் ஓரளவு இருந்த வன்னிக்கு நாலாவது இல்லை. கொசோவோவின் பிரகடனம் சர்வதேசச் சட்டத்தை மீறவில்லை என்று 2010 ஜூலை 22இல் சர்வதேச நீதிமன்றம் சொன்னது. ஆனால் ஐ.நா. உறுப்புரிமைக்குப் பாதுகாப்புச் சபை வேண்டும், அங்கே ரத்து அதிகாரம் உண்டு. கொசோவோ இன்னும் வெளியேதான் நிற்கிறது. 2008இல் பிரிந்த நாட்டுக்குச் சொந்தமாக ஒரு தொலைபேசிக் குறியீட்டெண் கிடைக்கவே 2016 ஆனது.

வாக்காளர் பட்டியல்

வாக்கெடுப்பு என்றால் கேள்வி தெளிவாக இருக்க வேண்டும், பெரும்பான்மை தெளிவாக இருக்க வேண்டும் என்று கியூபெக் விவகாரத்தில் கனடா உயர் நீதிமன்றம் 1998இல் சொன்னது. மொண்டெனீக்ரோவுக்கு ஐரோப்பிய ஒன்றியம் 55 சதவீதம் என்று கோடு போட்டது. 2006 மே மாதம் 55.5 கிடைத்தது. அரைச் சதவீதத்தில் ஒரு நாடு. தென்சூடானில் 98.83 சதவீதம் கிடைத்தது. இரண்டே ஆண்டில் அங்கே உள்நாட்டுப் போர். எனவே எண் மட்டும் நாட்டைக் காக்காது. ஆனால் யார் வாக்களிக்கலாம் என்பது எண்ணுக்கும் முந்திய கேள்வி.

வன்னியில் அப்படி ஒரு பட்டியல் எழுதுவதாக வைத்துக்கொண்டால் பேனா முதல் பக்கத்திலேயே நிற்கும். கனடாவிலும் சுவிஸிலும் குடியுரிமை பெற்றுவிட்டவர்கள் சேர்வார்களா? தமிழ்நாட்டு முகாமில் பிறந்து எந்த நாட்டுக் கடவுச்சீட்டும் இல்லாத இளைஞர்? அனுமதிப்பத்திரம் இல்லாத காணியில் 40 ஆண்டாக இருக்கும் மலையகக் குடும்பம்? 2017 பெப்ரவரியிலிருந்து கிளிநொச்சியில் வீதியோரம் இருந்து போராடும் தாய்மார், மரணச் சான்றிதழ் வேண்டாம் என்று மறுத்து வைத்திருக்கும், காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளின் பெயர்? இடம்பெயர்ந்தவர்கள் தங்கள் பழைய தொகுதியிலேயே வாக்காளராகப் பதிய 2013இல் நாடாளுமன்றம் 27ஆம் இலக்கச் சிறப்பேற்பாடுகள் சட்டத்தை இயற்றியது. புத்தளத்தில் இருந்த முல்லைத்தீவு முஸ்லிம் ஒருவர் முல்லைத்தீவில் தன் பெயரைப் பதிய வழி செய்தது கொழும்பின் அந்தச் சட்டம். அதே பெயரை எழுதிக்கொள்ளும் மனம், தனிநாடு பற்றிப் பேசுகிற எந்தத் தமிழ்த் தரப்பிடம் இருக்கிறது என்பதை அவர்கள் முன்கூட்டியே எழுத்தில் சொல்ல வேண்டும்.